பிறப்புப் பத்திரம் யாருடைய சாட்சியம்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால், சிலவற்றில் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் நெற்றிப்பொட்டுமாக ஒரு சீன முகம் நிற்கும். யாரென்று கேட்டால், "எங்க அத்தை, பாட்டி எடுத்து வளர்த்த பிள்ளை" என்பார்கள். அந்த அத்தைக்குத் தெரிந்த முதல் மொழி தமிழ். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்திருப்பார், தமிழரையே மணந்திருப்பார், பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பெயரே வைத்திருப்பார். 1930-கள் தொடங்கி 1970-கள் வரை சீனக் குழந்தைகள், பெரும்பாலும் பெண் குழந்தைகள், இப்படித் தமிழ் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தலைமுறைக்கு நன்கு தெரிந்த சேதி.

அந்தக் குழந்தைகளில் பலர் இன்று முதியவர்கள். வளர்த்த தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "என்னைப் பெத்தவ யாரு?" என்ற கேள்வியை மனத்துக்குள்ளேயே வைத்திருந்தவர்களும், அவர்களுக்காகக் கேட்கும் பேரப்பிள்ளைகளும் இப்போது பழைய பெட்டிகளைத் திறக்கிறார்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அடையாள அட்டை, ஞானஸ்நானப் பதிவேடு, பழைய செய்தித்தாள் என்று தேடுகிறார்கள். இந்த ஆவணத் தேடல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பக் கதைகளில் ஊறிப்போன பிழைகளைத் திருத்த ஆவணத்தைப்போல் நல்ல கருவி வேறில்லை. ஆனால், வாய்ப்பேச்சில் நடந்த தத்தைச் சுற்றி எழுந்த ஆவணங்கள் பெற்றவரைக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பங்கு அரிசி வாங்க, அட்டை எடுக்க எழுதப்பட்டவை. அவற்றைப் பிறப்பின் நேரடிச் சாட்சி என்று எடுத்துக்கொள்ளும் தேடல் தவறான தாயைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அப்படி எடுத்துக்கொள்ளும் அரசோ, உயிரோடிருக்கும் ஒருவரை நாடற்றவர் ஆக்கிவிடும்.

கைமாறிய விதம்

குழந்தைகள் கைமாறியதற்கு வறுமை முதற்காரணம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு இடமில்லை என்ற நினைப்பு இரண்டாவது. மூன்றாவது சோதிடம். சீன நாட்காட்டியில் 1938, 1950, 1962, 1974 ஆகியவை புலி ஆண்டுகள். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. இவற்றின்மேல் வந்து விழுந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் சீன ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கொன்றார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். இரு இனத்திலும் குடும்பங்கள் சிதறின.

பிள்ளையைக் கொடுக்க நினைத்த சீனத் தாய்க்கும், பிள்ளை இல்லாமலோ பெண்பிள்ளைக்கு ஏங்கியோ இருந்த தமிழ்த் தாய்க்கும் இடையில் ஊரறிந்த ஒருவர் நின்றார்: மருத்துவச்சி, ஆஸ்பத்திரி ஆயா, தோட்டத்துக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர். ஒரு அங்பாவ் உறையில் கொஞ்சம் பணம் பெற்றவளுக்குப் போகும். துணியில் சுற்றிய குழந்தை இந்தப் பக்கம் வரும். சில சமயம் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் சீன எழுத்தில் குறித்த ஒரு சிவப்புத் தாள் கூடவே வரும். வாங்கியவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பல வீடுகளில் அது நிலைத்திருக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1939-லேயே தத்தெடுப்புக்கான சட்டம் வந்துவிட்டது. மலாயாவில் 1952-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, முஸ்லிம் அல்லாதவர்கள் நீதிமன்றம் போய்த் தத்தெடுக்க வழி செய்தது. மற்றொன்று, பிள்ளையைத் தொடர்ந்து இரண்டாண்டுக்குக் குறையாமல் வளர்த்திருந்தால், பதிவாளர் முன்னிலையிலேயே தத்தைப் பதிவுசெய்துகொள்ள இடம் தந்தது. ஆனால் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு நீதிமன்றம் எட்டாத தூரம். எழுத்தில் வைத்தால் பெற்றவள் திரும்பி வந்து கேட்டுவிடுவாளோ என்ற பயம் வேறு.

எழுத்தில் வைக்காததை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தமிழர் வழக்கில் தத்து என்பது சாட்சிகளின் முன்னே நடக்கும் சடங்கு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து டச்சுக்காரர்கள் 1707-இல் எழுதிய தேசவழமையில், உறவினர் முன்னிலையில் மஞ்சள்நீர் குடித்துத் தத்தெடுக்கும் முறை இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டிலும் மஞ்சள்நீர் குடித்தல் தத்துக்குரிய சடங்காக இருந்தது. ஊர் பார்த்தது, அதுவே பத்திரம். கடல்கடந்து வந்தபின் அந்த ஊரும் இல்லை, அந்தச் சாட்சிகளும் இல்லை. கேள்வி கேட்பதற்கு அரசாங்கம் மட்டும் இருந்தது.

ஒரு பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஆவணத் தேடலின் வலிமை எங்கே தெரிகிறது என்று காட்ட ஒரு மாதிரிப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பிறந்த தேதி 1951 மார்ச். பிறந்த இடம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா, அம்மா இருவருமே தமிழ்ப்பெயர். தகவல் கொடுத்தவர் அப்பா, கைநாட்டு வைத்திருக்கிறார். பதிவான தேதி 1958 ஜனவரி.

முதல் பார்வையில் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் பத்திரம் வேறொன்று சொல்கிறது. பிறப்புக்கும் பதிவுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டு. ஜனவரி, அன்று பள்ளி திறந்த மாதம். ஏழு வயது, முதலாம் வகுப்பில் சேர்த்த வயது. ஆகவே இந்தப் பத்திரம் பிறப்பை ஒட்டி எழுந்ததில்லை, பள்ளிச் சேர்க்கையை ஒட்டி எழுந்தது. அப்படியானால் 1951 என்பது, சேர்க்கைக்குத் தேவையான வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட ஆண்டாக இருக்கலாம்.

இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சீனர் வழக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டிலும் ஒரு வயது கூடும். இடையில் நின்றவர் "ஏழு வயது" என்று சீனக் கணக்கில் சொல்லி, தமிழ் அப்பா நம் கணக்கில் கழித்திருந்தால், உண்மையான பிறந்த ஆண்டு 1952 ஆகவும் இருக்கலாம். இப்போது வீட்டுக் கதையைக் கொண்டுவாருங்கள். "புலி வருசத்துல பொறந்தவ, அதான் குடுத்துட்டாங்க" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். புலி ஆண்டு 1950 பிப்ரவரியில் தொடங்கி 1951 பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. 1951 மார்ச்சில் பிறந்த குழந்தை முயல் ஆண்டுப் பிள்ளை. பத்திரமும் கதையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

எது தவறு? அவசரப்பட்டு எதையும் தள்ளிவிடக் கூடாது. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தால் 1950 சாத்தியமே. அல்லது, சீனப் பிள்ளையைக் கொடுத்தார்கள் என்றாலே புலி ஆண்டுதான் காரணம் என்று ஊரில் எல்லாரும் சொல்வதைப் பாட்டியும் சொல்லியிருக்கலாம். மூன்றாவதாக ஒரு சான்று வேண்டும்: அம்மை குத்திய அட்டை, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, தேதி எழுதிய ஒரு புகைப்படம். நல்ல ஆவணத் தேடல் என்பது இதுதான். கதையை நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அதற்கு எதிரே இன்னொரு சாட்சியை நிறுத்தி விசாரிக்கிறது.

ஜப்பானியர் காலத்துப் பத்திரங்களில் இந்த வலிமை இன்னும் தெளிவாகத் தெரியும். அப்போது ஆண்டை ஜப்பானியப் பேரரசின் கணக்கில் எழுதினார்கள்: 1942 என்பது 2602, 1945 என்பது 2605. "சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு எடுத்த பிள்ளை" என்று ஒரு குடும்பம் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கும். மடித்து மடித்துக் கிழிந்த தாளில் 2604 என்ற எண் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளை 1944-இலேயே அந்த வீட்டில் இருந்தது உறுதி. பெற்றவளைத் தேட வேண்டிய காலமும் இடமும் அதோடு மாறிவிடும்.

நான்கு தாள், ஒரு சாட்சி

குறைகளில் பெரியது, நகல்களைச் சாட்சிகளாக எண்ணிவிடுவது. பிறப்புப் பத்திரத்தைக் காட்டிப் பள்ளியில் சேர்த்தார்கள். 1948-இல் அவசரகாலத்தை ஒட்டி மலாயாவில் அடையாள அட்டை வந்தது. பன்னிரண்டு வயதானவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். அந்த அட்டையும் இதே பத்திரத்தைப் பார்த்து எழுதியது. கல்யாணப் பதிவு அட்டையைப் பார்த்து எழுதியது. தேடுபவர் கையில் நான்கு தாள்கள் இருக்கும். நான்கிலும் ஒரே தேதி, ஒரே பெற்றோர். "இத்தனை ஆவணம் சொல்கிறதே" என்று தோன்றும். உண்மையில் பேசியவர் ஒருவர்தான்: 1958-இல் கைநாட்டு வைத்த அந்த அப்பா. அவர் சொன்னதை மற்ற மூன்றும் திருப்பிச் சொல்கின்றன.

ஆகவே எந்தப் பதிவைப் பார்த்தாலும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சொன்னவர் யார்? அவருக்கு நேரில் தெரியுமா, கேள்விப்பட்டதா? எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? நடந்து எவ்வளவு காலம் கழித்து? வேறு தாளைப் பார்த்து எழுதியதா? தோட்டத்தில் எழுதியவர் கிராணியார் என்ற எழுத்தர். பல ஊர்களில் பிறப்பைப் பதிந்தது காவல் நிலையம். சொன்னவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே லெட்சுமி மூன்று தாளில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பது அதனால்தான். அதைக் கண்டு மூன்று பெண்கள் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு.

தனித்து நிற்கும் சாட்சி சில இடங்களில் கிடைக்கும். கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பங்குக் குருவுக்குப் பள்ளிச் சேர்க்கையோடு தொடர்பில்லை. குழந்தை வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே பதிவு நடந்திருக்கும். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் இருக்கும். பிள்ளையை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கக் கூடும். சிங்கப்பூர் விக்டோரியா தெருவில் 1854-இல் தொடங்கிய கான்வென்ட்டின் வாசலில் விடப்பட்ட குழந்தைகளை அருட்சகோதரிகள் எடுத்து வளர்த்தார்கள். அத்தகைய இடத்திலிருந்து வந்த குழந்தையானால், வந்து சேர்ந்த நாளாவது எழுத்தில் இருக்க வாய்ப்புண்டு. இந்து வீட்டுக்கு இந்த வசதி இல்லை. மாரியம்மன் கோவிலில் மொட்டையடித்ததற்கும் காது குத்தியதற்கும் பதிவேடு கிடையாது. ஆவணத் தேடல் எல்லாருக்கும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை என்பதும் ஒரு குறைதான்.

பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுதல்

தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பெயர். எங்கோ ஒரு தாளில் பெற்றவளின் பெயர் என்று "டான்" என்ற குடும்பப்பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீன எழுத்தை ஹொக்கியன்காரர் டான் என்பார், கான்டனீஸ்காரர் சான் என்பார், ஹக்காக்காரர் சின் என்பார். எதிர்த்திசையிலும் இதே சிக்கல். "இங்" என்று எழுதியிருந்தால், அது கான்டனீஸ் வழக்கில் ஒரு குலம், தியோச்சூ வழக்கில் முற்றிலும் வேறொரு குலம். பெயர் துப்புத் தர வேண்டுமானால் முதலில் அவர்கள் பேசிய கிளைமொழி தெரிய வேண்டும். அதைத் தமிழ் அப்பா கவனித்திருக்க மாட்டார். அவருக்கு எல்லாரும் சீனர்.

சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் பிறந்த குலத்தின் பெயரையே வைத்துக்கொள்வார்கள். ஆகவே தாயின் பெயரிலிருந்து தாய்மாமன்மாரைத் தேடலாமே தவிர, குழந்தையின் தகப்பன் குலத்தைத் தேட முடியாது. தகப்பன் பெயரும் பல பதிவுகளில் இருக்காது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களை ஒரே சட்டத்தின்கீழ் பதியச் செய்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச்சில். அதற்கு முன் வழக்கப்படி நடந்த எத்தனையோ சீனத் திருமணங்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை இது. ஆண்டும் ஆஸ்பத்திரியும் குடும்பப்பெயரும் தெரிந்திருந்தாலும், அந்தக் கூட்டத்தில் பொருந்தக்கூடிய பெண் குழந்தைகள் பலர் இருப்பார்கள். பொருந்தும் முதல் பெயரைக் கண்டதும் "கிடைத்துவிட்டது" என்று நிறுத்திவிடுவதே இந்தத் தேடலின் மிகப் பெரிய ஆபத்து. பொருந்துவது வேறு, மற்றவர் யாரும் பொருந்தவில்லை என்று காட்டுவது வேறு. கொடுக்கப்பட்டதாகத் தோன்றும் அந்தக் குழந்தை தன் சொந்த வீட்டிலேயே வளர்ந்து, பள்ளி சென்று, மணமுடித்ததற்குப் பதிவு இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால் உங்கள் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது. தன் முடிவைத் தானே உடைத்துப் பார்க்கும் இந்த வேலையைச் செய்பவர்கள் குறைவு.

எல்லாம் எழுத்தில் இருந்தும் தீராத வழக்கு

பெற்றவர் யார் என்று தெரிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நாத்ரா என்று மலாய்க்காரர்கள் அழைத்த மரியா ஹெர்டோக்கின் வழக்கு இதற்குப் பதில். 1937-இல் ஜாவாவில் பிறந்தவர். தகப்பன் டச்சுப் படைவீரர். தாய் யுரேசியப் பெண். பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் எழுத்துச் சான்று உண்டு. ஜப்பானியர் காலத்தில் தகப்பன் போர்க்கைதியானார். 1942-இன் கடைசியில் குழந்தை அமினா என்ற மலாய்ப் பெண்ணின் கைக்கு வந்தது. அமினா அவரைத் தன் மகளாகவே வளர்த்து, பின்னர் திரெங்கானுவின் கெமாமானுக்கு அழைத்துப்போனார்.

1950-இல் வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அடையாளத்தில் சந்தேகமே இல்லை. சந்தேகம் ஒரே ஒரு இடத்தில்: தாய் குழந்தையைக் கொடுத்தாரா, சில நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னாரா? கொடுத்துவிட்டார் என்றார் அமினா. சில நாட்களுக்கென்றே விட்டதாகச் சொன்னார் பெற்ற தாய். கைமாறிய அந்த ஒரு தருணம் பற்றி இருவரின் சொல்லும் நேருக்கு நேர் மோதியது. டச்சுச் சட்டத்தையும் தகப்பனின் உரிமையையும் முன்வைத்து அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து வெடித்த கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி, தனக்குப் பேசத் தெரியாத மொழியின் நாட்டுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டாள்.

யாருக்குப் பிறந்தார் என்பதைப் பதிவேடு சொன்னது. யாருடைய பிள்ளையாக இருந்தார் என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் தேடல், கடைசியில் வளர்த்தவளைத் திருடி ஆக்கிவிடுகிறது.

வாய்மொழியின் நிறையும் குறையும்

ஆவணப் பிரியர்கள் வாய்மொழியை எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அது தவறு. கைமாற்றம் நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி பல நேரம் மனிதர்தான். 1950-ஆம் ஆண்டின் மலேசியச் சாட்சியச் சட்டமே, உறவுமுறை பற்றி இறந்துபோனவர் சொன்னதை, தகராறு எழுவதற்கு முன் சொல்லியிருந்தால், ஏற்றுக்கொள்ள வழி வைத்திருக்கிறது. சொத்துச் சண்டை வந்தபிறகு "அவள் எங்கள் ரத்தமில்லை" என்று சொல்வதற்கும், எந்தச் சண்டையும் இல்லாத காலத்தில் பாட்டி பேத்தியிடம் சொல்லிவைத்ததற்கும் உள்ள எடை வேறு. இந்த அளவுகோலைக் குடும்பத் தேடலுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வாய்மொழிக்கும் அதன் பொறிகள் உண்டு. தமிழ் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளிடம் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தைய குழந்தைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவது ஒரு காப்புச் சடங்கு. பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பதும் அதற்காகவே. அந்தப் பேச்சை நம்பி, சொந்தத் தாயின் வீட்டிலிருந்துகொண்டே வேறு தாயைத் தேடியவர்கள் இருக்கிறார்கள். சீனர்களிடமும் தீங்கு விலகுவதற்காகப் பிள்ளையைத் தெய்வத்துக்கோ வேறொரு குடும்பத்துக்கோ பெயரளவில் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே "கொடுத்தார்கள்", "வாங்கினார்கள்" என்ற பேச்சு ஒன்றை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது.

மரபணுச் சோதனை இப்போது இந்தத் தேடலில் சேர்ந்திருக்கிறது. நேரடியாக உடலையே கேட்பதால் அது பொய் சொல்வதில்லை. தகப்பனோ தாயோ வழி உடன்பிறந்தவர் மக்களிடம் சராசரியாக எட்டில் ஒரு பங்கும், அவர்களுடைய மக்களிடம் பதினாறில் ஒரு பங்கும் மரபணு ஒத்திருக்கும். ஆனால் உறவினர் ஒருவராவது அதே சோதனையைச் செய்திருந்தால்தான் அந்த ஒப்பீடு நடக்கும். உறவு உண்டு என்று அது சொல்லும். எந்த வழியில், யார் மூலம் என்பதற்கு மீண்டும் ஆவணத்திடமே வர வேண்டும். தனியாக நின்றால் இரண்டும் அரைகுறை. சேர்ந்து நின்றால் பல வழக்குகளில் போதும்.

அரசின் கையில் இதே தாள்

குடும்பத் தேடலில் பிழை நேர்ந்தால் மனம் புண்படும். அரசாங்க மேசையில் அதே பிழை வாழ்க்கையை முடக்கும். மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய அங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பெற்றவர் யாரென்றே தெரியாத, கையிலிருந்து கைக்கு வந்த பிள்ளை இதை எப்படிக் காட்டும்? 1962-இல் ஒரு மாதம் முன்பின் என்று எழுதிய கிராணியாரின் கைத்தவறு, ஒருவரின் குடியுரிமையையே தீர்மானிக்கிறது.

இந்தச் சிக்கலுக்குப் பயந்தே பலர் வளர்த்தவர் பெயரைப் பெற்றவர் பெயராகப் பதிந்தார்கள். அது சட்டப்படி குற்றம். பின்னாளில் தெரியவந்தால் பத்திரமும் அட்டையும் செல்லாமல் போகலாம். தண்டனை அனுபவிப்பவரோ பதிவின்போது துணியில் சுற்றிக் கிடந்த குழந்தை. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு மலேசிய அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 19பி என்ற பிரிவு இருக்கிறது. கண்டெடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தை, மாறாக நிறுவப்படும்வரை, அந்த இடத்தில் நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகவே கருதப்படும். பெற்ற தாய் விட்டுச்சென்று, தத்தெடுக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவின் பயனைத் தந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வாசலில் விடப்படாமல் கையோடு கை ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை. வீதியில் கிடந்த பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை, அன்பாக ஏந்தி வாங்கிய பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது பெரிய அநீதி.

மறைத்தவளின் உரிமை

இன்னொரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பெற்றவள் மறைத்ததைத் தேடிக் கண்டுபிடிக்க நமக்கு உரிமை உண்டா? கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தையைக் கொடுத்துவிட்டு, பின்னர் யாரிடமும் சொல்லாமல் வேறொரு வாழ்க்கை வாழ்ந்த பெண்ணின் வீட்டுக் கதவை, அவள் பேரன் திறக்கிறான். அவளுடைய மௌனத்தை ஒரு தாள் உடைத்துவிடும். தன் தோற்றத்தை அறியும் ஆசை இயல்பானது, நியாயமானது. அதற்காக வாழ்ந்துகொண்டிருக்கும் இன்னொருவரை ஊரறிய நிறுத்துவது நியாயமில்லை. தெரிந்துகொள்வது பிள்ளையின் உரிமை என்றால், வெளியே சொல்வதா வேண்டாமா என்பது பெற்றவளின் உரிமை. கண்டுபிடித்ததும் படம்பிடித்துப் பரப்பும் இன்றைய வழக்கம் இந்த எல்லையை மதிப்பதில்லை.

எடை போட்டுப் பார்த்தால்

ஆவணத் தேடலின் நிறை மூன்று. நினைவில் இடம்மாறிப்போன காலத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைக்கிறது. கட்டுக்கதையைக் கட்டுக்கதை என்று காட்டுகிறது. வளர்த்தவர்கள் எந்த நிலைமையில், எவ்வளவு சிரமப்பட்டு, அந்தக் குழந்தைக்கு ஒரு பெயரையும் இடத்தையும் எழுத்தில் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைத் தெரியவைக்கிறது. இந்த மூன்றாவதை யாரும் தேடுவதில்லை. ஆனால் அந்தத் தாள்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது அதைத்தான்.

குறையும் மூன்று. சொன்னதை நடந்ததாகக் காட்டுகிறது. நகலைச் சாட்சியாகக் காட்டுகிறது. எழுதத் தெரிந்தவரின் குரலை மட்டும் காப்பாற்றுகிறது. கையெழுத்துப் போடத் தெரியாத இரண்டு தாய்மாரும் அதில் இல்லை. இந்தக் குறைகளுக்காகத் தேடலைக் கைவிட வேண்டியதில்லை. முடிவைச் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டால் போதும். "இவர்தான் தாய்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "இன்னின்ன சான்றுகளால் இவராக இருக்க வாய்ப்பு மிகுதி; இது மட்டும் பொருந்தவில்லை" என்று எழுதிவைப்பது அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் நேர்மை. விடை கிடைக்கவில்லை என்று முடியும் தேடலும் தோல்வியில்லை. தவறான தாயை ஏற்றுக்கொள்வதைவிட அது மேல்.

குழந்தையை ஏற்கும் எவரும் சமூகநலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் சொல்கிறது. இன்று பிள்ளையை எடுத்து வளர்ப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யுங்கள், தத்தைப் பதிவுசெய்யுங்கள், பெற்றவர் பற்றித் தெரிந்ததைத் தேதியிட்டு எழுதி, பிள்ளை வளர்ந்ததும் அதனிடம் கொடுங்கள். பெட்டியில் சீன எழுத்துள்ள சிவப்புத் தாள் ஏதேனும் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டில் எண்பது வயது அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள்: யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, யார் கூட இருந்தார்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் குறித்துவையுங்கள். பதிவேடுகள் அரசாங்கத்திடம் இன்னும் பல காலம் இருக்கும். அந்த அத்தை இருக்கமாட்டார்.